ஐ7-5775சி பிராசஸரில் 128 எம்பி கூடுதல் நினைவகம் எதற்கு? தனி கிராபிக்ஸ் கார்டு போட்டால் அது வீணா?

வீணாகாது, சொல்லப்போனால் அப்போதுதான் சிபியுவுக்குக் கொண்டாட்டம்.

2015-இல் இன்டெல் இதை வெளியிட்டபோது முதல் நோக்கம் கிராபிக்ஸ்தான். உள்ளமைந்த கிராபிக்ஸுக்குச் சொந்த நினைவகம் கிடையாது. ரேமைத்தான் சிபியுவோடு பங்குபோட வேண்டும். இரட்டைச் சேனல் டிடிஆர்3-1600 ரேம் நொடிக்கு அதிகபட்சம் 25.6 ஜிபிதான் தரும். இதில் உள்ளமைந்த ஐரிஸ் ப்ரோ 6200 போன்ற பெரிய கிராபிக்ஸுக்கு இது யானைப் பசிக்குச் சோளப்பொரி. அதனால் சிபியு சில்லுக்குப் பக்கத்திலேயே, ஒரே பேக்கேஜுக்குள், இ-டிராம் என்ற தனி நினைவகச் சில்லை வைத்தார்கள். ஒவ்வொரு திசையிலும் நொடிக்குச் சுமார் 50 ஜிபி போகும்.

ஆனால் அது வெறும் வீடியோ நினைவகம் அல்ல. சிபியு அடிக்கடி கேட்கும் தரவைக் கைக்கெட்டும் தூரத்தில் வைக்கும் சிறிய, வேகமான நினைவகம்தான் கேஷ். அதன் மூன்றாம் நிலையான எல்3 கேஷிலிருந்து (இதில் 6 எம்பி) வெளியேற்றப்படும் தரவு நேரே ரேமுக்குப் போகாமல் இங்கே வந்து தங்கும். அதாவது நான்காம் நிலை கேஷ். தனி கார்டு போட்டு உள் கிராபிக்ஸை அணைத்துவிட்டால் 128 எம்பியும் சிபியுவுக்கே. 3.7 கிகாஹெர்ட்ஸைத் தாண்டாத இந்தச் சில்லு, சில கேம்களில் வேகம் கூடிய அடுத்த தலைமுறை ஐ7-6700கே-யையே முந்தியதற்குக் காரணம் இதுதான். வீடியோ ரெண்டரிங் போன்ற வேலைகளில் அவ்வளவு பலன் எதிர்பார்க்காதீர்கள்.

பெரிய கேஷ் கேமுக்கு உதவும் என்பதை 2022-இல் ஏஎம்டி 96 எம்பி எல்3 கொண்ட 5800எக்ஸ்3டி பிராசஸரில் இன்னும் அழுத்தமாகக் காட்டியது. பழைய மார்க்கெட்டில் 5775சி வாங்குவதானால் இசட்97 அல்லது எச்97 மதர்போர்டு வேண்டும், பயாஸையும் (மதர்போர்டின் அடிப்படை மென்பொருள்) முதலில் புதுப்பியுங்கள்.