காட்டுத்தீ அபாயத்தைக் கணிக்க வெப்பநிலை மட்டும் போதுமா?

கேள்வி: காட்டை ஒட்டிய நிலத்தைப் பராமரிக்கிறோம். தினசரி வானிலைப் பதிவுகள் பல ஆண்டுகளுக்கு உள்ளன. அவற்றைக் கொண்டு தீ அபாயத்தைக் கணிப்பது எப்படி? வெயில் ஏறினாலே அபாயம்தானா?

பதில்: வெயிலை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். தரையில் கிடப்பவை எவ்வளவு காய்ந்திருக்கின்றன என்பதே முக்கியம். மேலே கிடக்கும் சருகு ஒரு நாளுக்குள் காய்ந்துவிடும். அதன் அடியிலுள்ள பாதி மக்கிய அடுக்குக்கு ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும். ஆழத்திலுள்ள மட்கு காய ஐம்பது நாளுக்கு மேல் பிடிக்கும். தீ அபாயத்தை ஓர் எண்ணாகத் தரும் கனடாவின் தீ வானிலைக் குறியீடு இந்த மூன்று அடுக்குகளுக்கும் தனித்தனியாகக் கணக்கு வைக்கிறது. அதற்கு வேண்டியவை நான்கே: நண்பகல் வெப்பநிலை, சார்பு ஈரப்பதம், காற்றின் வேகம், கடந்த 24 மணி நேர மழை.

மழையில்தான் பலர் தவறுகிறார்கள். மேலடுக்குக் கணக்கில் 0.5 மி.மீ. வரையிலான மழை சேராது. நடு அடுக்குக்கு 1.5, ஆழ அடுக்குக்கு 2.8 மி.மீ. தாண்ட வேண்டும். 2 மி.மீ. தூறல் சருகை நனைக்கும். ஆழத்து வறட்சியை அசைக்காது. சருகோ மறுநாள் வெயிலிலேயே மீண்டும் காயத் தொடங்கிவிடும்.

நண்பகல் அளவுக்குப் பதில் நாள் சராசரியைப் போட்டால் அபாயம் குறைவாகவே தெரியும். காற்றை 10 மீட்டர் உயரத்தில் அளக்காமல் தரைக்கு அருகே அளந்தாலும் அப்படித்தான். ஒவ்வொரு நாள் கணக்கும் முந்தைய நாள் மதிப்பிலிருந்து தொடங்குவதால், ஒரு பெருமழை பதிவில் விடுபட்டால் ஆழ அடுக்கின் கணக்கு வாரக்கணக்கில் பிசகும்.

ஈரப்பத சதவீதத்தையும் தனியாக நம்பாதீர்கள். அதே 40 சதவீதத்தில், 25 டிகிரி செல்சியஸில் காற்றின் நீராவிப் பற்றாக்குறை (காற்று இன்னும் எவ்வளவு நீராவியை ஏற்கும் என்பதன் அளவு) சுமார் 1.9 கிலோபாஸ்கல், 35 டிகிரியில் சுமார் 3.4. உலர்த்தும் வேகம் அந்த அளவுக்குக் கூடுகிறது.

இனி நீண்டகாலப் போக்கு. ஆண்டு சராசரி வெப்பநிலை இதற்கு அதிகம் உதவாது. 1991–2020 போன்ற முப்பதாண்டுத் தரவில் குறியீட்டின் 95ஆம் சதமானத்தை, அதாவது நூற்றில் ஐந்து நாட்கள் மட்டுமே தாண்டும் மதிப்பைக் கண்டுபிடியுங்கள். ஆண்டுதோறும் எத்தனை நாள் அதைத் தாண்டியது, முதல் நாள் எப்போது வந்தது, மழையில்லாத நீண்ட இடைவெளி எவ்வளவு, எத்தனை இரவுகளில் காற்றின் ஈரப்பதம் மீண்டும் ஏறாமலே விடிந்தது என்று எண்ணுங்கள். கடைசியாகச் சொன்னதை அலட்சியம் செய்யாதீர்கள். இரவில் தணியாத தீயை மறுநாள் அடக்குவது மிகக் கடினம். இடையில் அளவீட்டு நிலையம் இடம் மாறியிருந்தால், அதனால் பதிவில் வரும் திடீர்த் தாவலைக் காலநிலை மாற்றம் என்று எண்ணிவிடக் கூடாது.

புல்வெளி அதிகமுள்ள இடத்தில் முந்தைய பருவ மழையையும் சேர்த்துப் பாருங்கள். நல்ல மழையில் செழித்த புல்தான் அடுத்த வறட்சியில் எரிபொருள்.

முதல் அபாய நாள் ஆண்டுக்காண்டு முன்கூட்டியே வருகிறதென்றால், தீத்தடுப்புக் கோடு வெட்டும் வேலையையும் அதற்கேற்ப முன்னே நகர்த்துங்கள். எச்சரிக்கை வரம்பை வேறொரு காட்டிலிருந்து எடுக்காமல், உங்கள் பகுதியில் தீப்பிடித்த நாட்களின் குறியீட்டோடு ஒப்பிட்டு நிர்ணயியுங்கள்.