நூற்றுக்கு அதிபதி – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

மாற்கு 5:9-இல் ‘லேகியோன்’ (ரோமப் பெரும்படைப் பிரிவு) என்ற சொல் நம் பழைய வேதாகமத்தில் அப்படியே இருக்கிறது. 15:39-இல் இயேசுவின் சிலுவைக்கு எதிரே நிற்கும் ரோமப் படை அதிகாரியை மட்டும் ‘நூற்றுக்கு அதிபதி’ என்று தமிழாக்கியிருக்கிறார்கள். கிரேக்க மூலத்திலும் இந்த வேறுபாடு உண்டா? அவருக்குக் கீழே சரியாக 100 பேர் இருந்தார்களா?

– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

இல்லை. மாற்கின் கிரேக்கத்தில் இரண்டுமே லத்தீன் படைச்சொற்கள்தான். 15:39, 44, 45 மூன்றிலும் அவர் எழுதுவது ‘கென்துரியோன்’. அதே காட்சிக்கு மத்தேயுவும் லூக்காவும் ‘ஹெகதோன்’, அதாவது நூறு, என்று தொடங்கும் சுத்தக் கிரேக்கச் சொல்லைப் போடுகிறார்கள். தமிழில் மூவருக்கும் ஒரே ‘நூற்றுக்கு அதிபதி’ என்பதால் இது கண்ணில் படுவதில்லை.

கடன் வாங்கிய விதத்தைக் கவனியுங்கள். லத்தீனில் எழுவாய் வடிவம் ‘கெந்துரியோ’, கடைசியில் ‘ன்’ கிடையாது. வேற்றுமை ஏறினால்தான் ‘கெந்துரியோன்-’ என்று ‘ன்’ தலைகாட்டும். நம் ‘மரம்’, ‘மரத்தை’ என்று மாறும்போது ‘த்து’ வருவதுபோல. கிரேக்கர் அந்த வேற்றுமை அடியைப் பிடித்து, ‘அகோன், அகோனோஸ்’ என்று மாறும் தங்கள் சொற்களின் வரிசையில் சேர்த்துக்கொண்டார்கள். ‘லெகியோ’ லெகியோன் ஆனதும் இப்படித்தான். ‘கெந்துரியோ’வின் முதலெழுத்துக்கு அவர்கள் காப்பா (கிரேக்கக் ககரம்) போட்டதும் முக்கியம்: அன்றைய லத்தீனில் அது ககரம்தான். இன்றைய இத்தாலியர்போலச் சகரமாக வாசிப்பது பிற்கால வழக்கம்.

100 என்ற கணக்கு பெயரில் மட்டும்தான். பேரரசுக் காலத்தில் கூடாரத்துக்கு 8 பேர், 10 கூடாரம், ஆக ஒரு நூற்றுக்கு அதிபதியின் கீழ் 80 பேர். அப்படி ஆறு சேர்ந்தால் 480 பேர் கொண்ட ஒரு கோஹார்ட். பத்து கோஹார்ட் ஒரு லேகியோன்; முதல் கோஹார்ட்டின் அமைப்பு மட்டும் வேறு. ரோம ஆளுநர் பிலாத்துவின் நாளில் யூதேயாவில் லேகியோன் எதுவும் நிலைகொண்டிருக்கவில்லை, துணைப்படைகளே இருந்தன. சிலுவையருகே நின்றவரும் அதைச் சேர்ந்தவராகவே இருக்க வேண்டும்.

இந்த லத்தீன் சொற்களைக் காட்டி ‘மாற்கு ரோமில்தான் எழுதினார்’ என்று சிலர் அடித்துச் சொல்வார்கள். எனக்கு அது போதாது. படை போன இடமெல்லாம் படைச்சொல்லும் போகும். ரோமப் படையை விவரிக்கும் கிரேக்க வரலாற்றாசிரியர் பொலிபியோஸ், தன் ஆறாம் நூலில் இதே ‘கென்துரியோன்’ சொல்லைக் கையாள்கிறார். அது மாற்குக்குச் சுமார் 200 ஆண்டுகளுக்கு முன்பு.