கரப்பானோடு கூட வருபவை: கத்தரிக்காய் மேல் விழுந்த பழி

"எக்ஸிமா இருக்கும் குழந்தைக்கு வேறு என்னென்ன தோல் பிரச்சினைகள் சேர்ந்து வரும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். பிள்ளையின் கன்னத்தில் வெள்ளையாக ஏதோ பார்த்துவிட்டு, தூக்கம் வராமல் கேட்கிறீர்கள் என்றே எடுத்துக்கொள்கிறேன். நானும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன்.

நான் டாக்டர் இல்லை. பத்து வருஷமாக கரப்பான், அதாவது எக்ஸிமா, இருக்கும் ஒரு பிள்ளையை வளர்க்கிறவள். சண்டைக்கு வருகிறவர்கள் இந்த வரியைப் படித்துவிட்டு வரவும்.

மகனுக்கு ஆறாவது மாதம் கன்னத்தில் ஆரம்பித்தது, பிறகு முழங்கை மடிப்புக்கும் முழங்காலுக்குப் பின்னாலும் போனது. அத்தை (வீட்டுக்காரரின் அம்மா) அன்றைக்கே தீர்ப்புச் சொல்லிவிட்டார்: மாசமாக இருக்கும்போது நான் கத்தரிக்காயும் கருவாடும் தின்றதுதான் காரணம். கரப்பான் பண்டமாம். ஊரில் ஒரு விசேஷம் விடாமல் இதையே கேட்டேன்.

அவனுக்கு ஏழு வயதில் கன்னத்தில் மங்கலாக வெள்ளைத் திட்டுகள். "வயித்துல பூச்சி" என்றார்கள். இரண்டு தடவை பூச்சி மருந்து கொடுத்தும் போகவில்லை. வெண்குஷ்டமோ என்று எனக்குள் உதறல். அதோடு மேல்கையில் கோழித்தோல் மாதிரி சொரசொரப்பு வேறு.

தோல் டாக்டர் பார்த்ததும் சிரித்தார். வெள்ளைத் திட்டு பிட்டிரியாசிஸ் ஆல்பா. கரப்பான் பிள்ளைகளுக்குச் சகஜம், வெயிலில் பளிச்சென்று தெரியும், மாதக்கணக்கில் இருந்துவிட்டுத் தானாக மறையும். சொரசொரப்பு கெரடோசிஸ் பிலாரிஸ், ஒன்றும் செய்யாது. பிறகு பையனின் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தவர், "அப்பா, உங்க கையைக் காட்டுங்க" என்றார்.

வீட்டுக்காரர் நீட்டினார். கட்டைவிரல் மேட்டில் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள், வறண்ட கண்மாய் மாதிரி. பேன்ட்டை ஏற்றச் சொன்னார். முழங்காலுக்குக் கீழே பொடிப்பொடியாகச் செதில். கல்யாணம் ஆன நாளாக நான் பார்க்கிற கால்தான். எண்ணெய் தேய்க்கச் சோம்பல் என்று நினைத்திருந்தேன். அதன் பெயர் இக்தியோசிஸ் வல்காரிஸ். தோலின் மேல்படலத்தை உறுதியாக வைத்து ஈரத்தைக் காக்கும் ஃபிலாக்ரின் என்ற புரதம் குறைவதால் வருவது. அந்தப் புரதத்தை உண்டாக்கும் ஜீனில் உள்ள கோளாறுதான் இதற்குக் காரணம் என்று 2006-இல் கண்டுபிடித்தார்கள். கரப்பானுக்கும் அதே கோளாறு வழிவிடுமாம். அப்பா, அம்மா யாராவது ஒருவரிடமிருந்து வந்தாலே போதும். (எல்லாக் கரப்பானுக்கும் இதுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை.) அத்தை மீது எனக்குக் கோபமும் இல்லை. ஆனால் அடுத்த முறை ஊருக்குப் போனபோது அவர் சேலைக் கரைக்குக் கீழே கால் எப்படி இருக்கிறது என்று பார்க்காமல் இருக்க முடியவில்லை. அதே செதில்.

பயப்பட வேண்டியது ஒன்று உண்டு. கரப்பான் இருக்கும் இடத்தில் ஒரே அளவில் கொத்துக்கொத்தாகக் கொப்புளம், ஓட்டை போட்ட மாதிரி புண், கூடவே காய்ச்சல் என்றால் அது ஹெர்பெஸ் கிருமியாக இருக்கலாம். அக்கி என்று சொல்லிக் காவி எழுதக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். அன்றைக்கே ஆஸ்பத்திரி. கண்ணுக்குப் பக்கத்தில் என்றால் ஒரு மணி நேரம்கூடத் தள்ளாதீர்கள். தேன் நிறத்தில் பொருக்கு கட்டினால் பாக்டீரியா சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம், அதற்கும் டாக்டர்தான்.

கேட்காததையும் சொல்கிறேன். அந்த வெள்ளைத் திட்டைப் பார்த்து "ஒட்டிக்கும்" என்று பள்ளிக்கூடத்தில் அவனைக் கடைசி பெஞ்சில் தனியாக உட்கார வைத்தார்கள். ஒட்டாது என்று டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொண்டு போனேன். வாங்கி மேஜை டிராயரில் போட்டார்கள். பரீட்சை முடிகிற வரைக்கும் அவன் அந்த பெஞ்சில்தான் இருந்தான்.