பொம்மையின் கண்ணும் அக்காவின் கோபமும்

மதிப்பிற்குரிய ஆலோசகருக்கு,

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் இருந்தபடி சிறுவர் நூல்களுக்குப் படம் வரைகிறேன். சின்ன வயதில் என்னிடம் ஒரு துணிப் பொம்மை இருந்தது. பழைய கைலித் துணி, உள்ளே இலவம்பஞ்சு. அந்த நினைவில், ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் வரிசைவீடான லயத்துப் படியில் ஒரு சிறுமி பொம்மையோடு தனியாக உட்கார்ந்திருப்பதுபோல் வரைந்தேன். எல்லாரும் பாராட்டினார்கள், அக்காவைத் தவிர. "பொத்தான் கண்ணு ரெண்டும் ஒரே கலரா? ஒண்ணு கறுப்பு, ஒண்ணு பச்சை" என்றாள். அவ்வளவுதான். 'நல்லா இருக்கு' என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன? பள்ளியில் பரிசு வாங்கியபோதும் குறைதான் சொன்னாள். ஓவியருக்குக் கற்பனை உரிமை இல்லையா? அவள் தைத்த பொம்மைதான், பதினொரு வயதில். அம்மா பால்வெட்டுக்குப் போனபின் என்னைப் பார்த்துக்கொண்டதும் அவள்தான். அதற்காக என் படம் அவளுடையதாகிவிடுமா? அம்மா காலமான பிறகு தீபாவளிக்கு அவள் வீட்டில்தான் சாப்பாடு. இந்த வருடம் இன்னும் வா என்று சொல்லவில்லை, அது கிடக்கட்டும். ஒரு பொத்தான் நிறத்துக்கு இவ்வளவு பேச்சா? இது பொறாமையில்லாமல் வேறென்ன?

— ஓர் ஓவியர், சுங்கை சிப்புட்

அன்புச் சகோதரி,

கிடக்கட்டும் என்று தள்ளிய தீபாவளியை நான் எடுத்துக்கொள்கிறேன். பொத்தானும் பரிசும் அப்புறம். அக்கா கூப்பிடாமலே இருந்துவிடுவாளோ என்ற பயம்தான் உங்களை எழுத வைத்திருக்கிறது. பொறாமை என்று பெயர் வைத்துவிட்டால் அந்தப் பயத்தைப் பார்க்க வேண்டியதில்லை, சரிதானே?

குழந்தைகள் விடாமல் பிடித்துக்கொள்ளும் துணி, பொம்மை பற்றி டொனால்ட் வினிகாட் என்ற பிரிட்டிஷ் குழந்தை மருத்துவர், உளப்பகுப்பாய்வாளரும்கூட, 1953இல் எழுதினார். தாய் விலகியிருக்கும் நேரத்தைக் குழந்தை அதை வைத்துத்தான் கடக்கிறது. அது நீயாக உண்டாக்கியதா, உனக்குக் கொடுக்கப்பட்டதா என்று குழந்தையிடம் கேட்கவே கூடாது என்கிறார். உங்களை யாரும் கேட்கவில்லை, தைத்தவளும் கேட்கவில்லை. ஆனால் நீங்கள் இப்போது குழந்தையில்லை. நான் கேட்கலாம்.

அம்மா இருட்டோடு ரப்பர் பால் வெட்டப் போன வீட்டில், பதினொரு வயதுப் பெண் பொம்மையை உங்களுக்காகத் தைத்திருக்கிறாள். அவளுக்கும் அது விளையாடும் வயதுதான். ஜோடி கிடைக்காமல் இரண்டு நிறத்தில் பொத்தான் வைத்தவளுக்கு அது மறக்குமா? உங்கள் படத்திலோ படியில் நீங்கள் தனியாக இருக்கிறீர்கள். அவளைக் காணோம். 'நானும் அங்கேதான் இருந்தேன்' என்பதைத்தான் தனக்குத் தெரிந்த விதத்தில் சொல்லியிருக்கிறாள் என்று நினைக்கிறேன். பாராட்டத் தெரியாதவள்தான், அந்த வருத்தம் நியாயமானது.

படம் உங்களுடையது, மாற்ற வேண்டாம். சமாதானத்துக்கென்று புதுப்படம் வரைந்து நீட்டவும் வேண்டாம், அப்போதும் பேச்சு உங்கள் ஓவியத்தைப் பற்றியே இருக்கும். அழைப்புக்குக் காத்திராமல் போய், அந்தப் பச்சைப் பொத்தான் எந்தச் சட்டையுடையது என்று கேளுங்கள். அவள் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாதீர்கள். முறுக்கு பிழிய என்றைக்கு வரட்டும் என்றும் கேட்டுவிடுங்கள்.