மூக்கு ரியூபும் கஞ்சித் தண்ணியும்

இம்முறை வந்த கடிதங்களில் முக்கால்வாசி மூக்கு ரியூப் பற்றியவை. விழுங்க முடியாதவருக்குச் சாப்பாடு கொடுக்க மூக்கு வழியாக வயிற்றுக்குள் போடும் குழாய் அது. துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பும் அவசரத்தில் வார்ட்டில் பத்து நிமிடம் சொல்லிக் கொடுப்பார்கள். வீட்டு வாசலுக்கு வரும்போதே பாதி மறந்துவிடும். அதில் உங்கள் பிழை பெரிதாக இல்லை. ஆனால் எனக்கு எழுதும்போது வருத்தக்காரரின் வயது, என்ன வருத்தம், சீனி, பிரஷர், கிட்னிக் குறை உண்டா, ரியூப் போட்டு எத்தனை நாள் என்பதையெல்லாம் எழுதுங்கள். போன முறையும் இதைச் சொன்னேன்.

கல்லடியிலிருந்து ஒரு மகன்: பாரிசவாதம் வந்த அப்பா இரவில் ரியூபை இழுத்துவிட்டார். பாதிதான் வெளியே வந்தது. மெதுவாக உள்ளே தள்ளி பிளாஸ்டர் ஒட்டிவிட்டேன். காலையில் பால் கொடுத்தேன், இருமல்கூட வரவில்லை. செய்தது சரிதானே, சிஸ்டர்?

சரியில்லை தம்பி. பாதி வெளியே வந்த ரியூபின் நுனி எங்கே நிற்கிறது என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தொண்டையில் சுருண்டு கிடக்கலாம், மூச்சுக்குழாய்க்குள்ளும் போயிருக்கலாம். பாரிசவாதக்காரர் சிலருக்குப் பால் நுரையீரலுக்குள் போனால்கூட இருமல் வராது. ஆகவே இருமல் வராததை ஒரு சாட்சியாக என்னிடம் கொண்டு வராதீர்கள். இந்தக் கடிதத்தைப் படித்ததும் அடுத்த வேளைப் பாலை நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போய் இடத்தைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். காய்ச்சலோ மூச்சு இளைப்போ இருந்தால் யோசிக்காமல் 1990 அம்புலன்சுக்கு அடியுங்கள்.

இனி ரியூப் கழன்றால் வீட்டில் யாரும் உள்ளே தள்ளக் கூடாது. முழுதாக வந்துவிட்டால் அதை எடுத்து வைத்துவிட்டு அவரை அழைத்துக்கொண்டு போங்கள். ஒரு வேளைச் சாப்பாடு தவறினால் ஒன்றும் ஆகிவிடாது. ஆனால் இன்சுலின் போட்டுவிட்டு ரியூப் கழன்றால் அது வேறு கதை, சீனி சட்டென்று இறங்கிவிடும், உடனே போக வேண்டும். வலிப்புக் குளிசை எடுப்பவருக்கும் அதே அவசரம்தான்.

மூக்கு வாசலில் ரியூபின் மேல் அழியாத பேனாவால் ஒரு கோடு போட்டிருப்பார்கள். இல்லையென்றால் அடுத்த கிளினிக்கில் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வேளையும் அந்தக் கோடு மூக்கு வாசலிலேயே நிற்கிறதா என்று பார்த்த பிறகுதான் சிரிஞ்சைத் தொட வேண்டும். குறியைப் பார், பிறகு ஊற்று.

ஆரையம்பதி வாசகி: எங்கள் பெரியப்பா முன்பு டிஸ்பென்சரியில் வேலை செய்தவர். அவர் சிரிஞ்சால் காற்று அடித்து, வயிற்றில் காது வைத்துச் சத்தம் கேட்டுத்தான் ரியூப் சரி என்று சொல்வார். அது போதுமா?

போதாது. நானும் பயிற்சிக் காலத்தில் அப்படித்தான் படித்தேன், பல வருடம் அப்படித்தான் செய்தேன். நெஞ்சையும் வயிற்றையும் பிரிப்பது மெல்லிய உதரவிதானம் ஒன்றுதான். நுனி நுரையீரலில் இருந்தாலும், உணவுக்குழாயில் இருந்தாலும் அந்தக் 'குளுக்' சத்தம் வயிற்றில் கேட்கும். பிரிட்டனில் 2005லேயே இந்த முறையைக் கைவிடச் சொல்லிவிட்டார்கள். ரியூபின் வாயைத் தண்ணீரில் வைத்துக் குமிழி வருகிறதா என்று பார்ப்பதும் இதே வகைதான்.

புதிதாகப் போட்டதும் எக்ஸ்ரேயில் பார்ப்பதுதான் உறுதியானது. வீட்டில் சிரிஞ்சால் கொஞ்சம் உறிஞ்சி, வரும் நீரை, அமில அளவைக் காட்டும் பி.எச். பேப்பரில் தொட்டுப் பார்க்கலாம். 5.5 அல்லது அதற்குக் கீழே காட்டினால் வயிறுதான். பால் கொடுத்து ஒரு மணி நேரமாவது கழிந்திருக்க வேண்டும். ஒமிப்ரசோல் மாதிரி அமிலம் குறைக்கும் மருந்து எடுப்பவருக்கு எண் கூடிக் காட்டும். சந்தேகம் வந்தால் ஊற்றாதீர்கள். பெரியப்பாவிடம் என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

அக்கரைப்பற்று: உறவினர் ஒருவருக்கு வயிறு உப்புகிறது. என்ன செய்யலாம்?

எந்த உறவினர்? வயது என்ன? எவ்வளவு பால், எத்தனை நிமிடத்தில்? கக்கூசுக்குப் போய் எத்தனை நாள்? இதில் ஒன்றைக்கூட எழுதாமல் பதில் கேட்டால் நான் சாத்திரமா பார்ப்பது? அடுத்த வேளையை நிறுத்தி டொக்டரிடம் காட்டுங்கள்.

கொக்கட்டிச்சோலைப் பக்கம் ஒரு மருமகள்: மாமிக்கு 68 வயது, பாரிசவாதம், சீனி இல்லை. ரியூப் போட்டு மூன்று கிழமை. எழுதித் தந்த பால்மா விலை எங்களுக்குக் கட்டாது. ஒரு பிடி பச்சையரிசியைக் கஞ்சி காய்ச்சி, நன்றாக வடித்து, சீனி போட்டு ஆறு வேளை கொடுக்கிறோம். வாந்தி இல்லை, வயிற்றோட்டம் இல்லை. ஆனால் மாமி மெலிந்துகொண்டே போகிறா. வருத்தம் கூடுகிறதா?

நீங்கள் எழுதியதைப் பார்த்தால் மாமி பட்டினி கிடக்கிறா, மகள். கடிந்து சொல்லவில்லை. வயது, வருத்தம், அளவு எல்லாம் எழுதிய ஒரே கடிதம் உங்களுடையது. ஆனால் இந்தக் கஞ்சித் தண்ணி விஷயத்தில் எனக்கு முப்பது வருடக் கோபம் இருக்கிறது.

கணக்கைப் பாருங்கள். ஒரு பிடி அரிசி சுமார் 50 கிராம். அது முழுவதும் உள்ளே போனாலும் 180 கலோரிக்கு மேல் இல்லை. நீங்கள் சோற்றை வடித்தெடுத்துவிட்டுத் தண்ணியைத்தானே கொடுக்கிறீர்கள்? ஆறு தேக்கரண்டி சீனிக்கு இன்னொரு 120. எல்லாம் சேர்த்து 300. ஐம்பது கிலோ எடையுள்ள ஒருவருக்கு நாளுக்குச் சுமார் 1,500 கலோரியும் 50, 60 கிராம் புரதமும் வேண்டும். ஐந்தில் ஒரு பங்குதான் போகிறது, புரதம் இல்லையென்றே சொல்லலாம். பசிக்கிறது என்று சொல்ல மாமிக்கு வாயில்லை. ரியூபுக்குள் ஏதோ வெள்ளையாகப் போவதைப் பார்த்து நாமும் சாப்பாடு கொடுத்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம்.

நான் வேலை செய்த ஒரு வார்ட்டுக்கு இப்படி ஒரு அம்மா திரும்பி வந்தா. புண் இல்லை, ரியூப் சுத்தம், பிளாஸ்டர்கூட அன்றைக்கு மாற்றியது. அவ்வளவு அருமையாகப் பார்த்திருந்தார்கள். கையைத் தூக்கியபோது மணிக்கட்டில் கிடந்த வளையல் சரசரவென்று வழுகி முழங்கையில் போய் நின்றது. துண்டு வெட்டிப் போகும்போது சவர்க்காரம் போட்டால்தான் கழற்ற முடியும் என்றிருந்த வளையல் அது. "என்ன கொடுத்தீர்கள்?" என்றேன். "நல்ல வடிவாகக் கஞ்சி கொடுத்தோம் மிஸ்ஸி" என்றார் மகள்.

செலவு கட்டாவிட்டால் வழி இருக்கிறது. அரிசியோடு பயறும் சேர்த்துக் குழைய அவித்து, பிளெண்டரில் அடித்து, முதலில் வடியிலும் பிறகு துணியிலுமாக இரண்டு முறை வடிகட்டுங்கள். நன்றாக அவித்த முட்டையையோ முள் நீக்கிய மீனையோ சேர்த்து அடிக்கலாம். ஒரு முட்டையில் ஆறு கிராம் புரதம். வேளைக்கு ஒரு தேக்கரண்டி தேங்காய் எண்ணெய் விட்டால் 40 கலோரி கூடும். குவித்தெடுத்த இரண்டு மேசைக்கரண்டி சாதாரண பால்மா 100 கலோரிக்கு மேல். கலவை கரண்டியிலிருந்து பால் மாதிரி ஒழுக வேண்டும், கூழ் மாதிரி விழக் கூடாது. ரியூபின் முனையில் 14 அல்லது 16 என்று இருந்தால்தான் இது சரிவரும். மெல்லிய ரியூப் என்றால் அடைத்துக்கொள்ளும். கிட்னிக் குறை இருந்தாலும் இந்த அளவுகள் பொருந்தாது.

நாளைக்கே எல்லாவற்றையும் அடித்து ஊற்றிவிடாதீர்கள். மூன்று கிழமை பட்டினி கிடந்த உடம்புக்குத் திடீரென்று முழுச் சாப்பாடு கொடுத்தால் இரத்தத்தில் பொஸ்பேற்றும் பொட்டாசியமும் சரிந்து இதயத்துக்கே ஆபத்து வரும். முதலில் மாமியை ஆஸ்பத்திரியில் காட்டி இரத்தம் சோதித்து, அவர்கள் சொல்லும் அளவில் தொடங்கிச் சில நாளில் மெல்ல மெல்லக் கூட்டுங்கள். சத்துணவு ஆலோசகர் இருந்தால் அன்றைக்கே எழுதி வாங்குங்கள். பால்மா வாங்க வசதியில்லை என்று வெட்கப்படாமல் சொல்லுங்கள், மாற்று எழுதித் தருவார்கள். வீட்டில் தராசு வேண்டாம். தையல் நாடாவால் மேற்கையின் நடுவில் கிழமைக்கு ஒருமுறை அளந்து கலண்டரில் குறியுங்கள். குறைந்துகொண்டு போனால் எனக்கு எழுதிக்கொண்டிருக்காமல் கிளினிக்குக்குப் போங்கள்.

நிந்தவூர்: குளிசைகளை எல்லாம் ஒன்றாக இடித்துக் கொடுத்தோம். ரியூப் அடைத்துவிட்டது. சோடா ஊற்றினால் கரையும் என்கிறார்கள்.

சோடா வேண்டாம், உள்ளே பால் திரைந்து இன்னும் இறுகும். கம்பியும் வேண்டாம், ரியூப் கிழியும். குறி சரியாக இருந்தால் 50 மில்லி சிரிஞ்சில் இளஞ்சூட்டுத் தண்ணீர் எடுத்து மெதுவாகத் தள்ளி இழுத்து, தள்ளி இழுத்துப் பாருங்கள். சின்ன சிரிஞ்சால் அழுத்தாதீர்கள், அதில் அமுக்கம் அதிகம். அசையவில்லையென்றால் ஆஸ்பத்திரி. இனிமேல் ஒவ்வொரு குளிசையையும் தனித்தனியாகப் பொடித்துக் கரைத்து, இடையில் கொஞ்சம் தண்ணீர் விடுங்கள். பாலுக்கு முன்னும் பின்னும் 30 மில்லி. மெதுவாகக் கரையும் வகைக் குளிசைகளையும், மேலே பூச்சுப் பூசிய அஸ்பிரினையும் இடிக்கவே கூடாது. எதை இடிக்கலாம் என்று பாமசியில் கேளுங்கள், பாணி மருந்தாகவே சில கிடைக்கும்.

திருக்கோவில்: ரியூபால்தானே சாப்பாடு. பல் தீட்ட வேண்டுமா?

நாளுக்கு இரண்டு முறை. வாய் அழுக்குத்தான் நுரையீரலுக்குள் இறங்கிச் சளிக்காய்ச்சல் ஆகிறது.

காத்தான்குடி: உம்மா கையைக் காட்டி நோன்புக் கஞ்சி கேட்கிறா. பார்க்க வருகிறவர்களும் "பாவம், ஒரு வாய் கொடு" என்கிறார்கள்.

விழுங்கும் சோதனை செய்து, பேச்சுச் சிகிச்சையாளர் சரி என்று சொன்னாரா? சொல்லாவிட்டால் ஒரு வாயும் இல்லை, அரை வாயும் இல்லை. பார்க்க வந்தவர்கள் கஞ்சியைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள், நிமோனியாவோடு வார்ட்டில் இருக்கப் போவது நீங்கள்தான். உதட்டை ஈரத் துணியால் துடைத்துவிடலாம். நோன்பு, பர்ளு விஷயங்களை மௌலவியிடம் கேளுங்கள், அது என் படிப்பு இல்லை.

செங்கலடி: படுத்த படுக்கையிலேயே பால் கொடுக்கலாமா? எழுப்பி இருத்த ஆளில்லை.

கூடாது. முதுகுக்குத் தலையணைகளை அடுக்கித் தலைமாட்டை 30 முதல் 45 பாகை உயர்த்துங்கள். முடிந்தபின் ஒரு மணி நேரம் அப்படியே இருக்கட்டும். சிரிஞ்சின் தண்டைக் கழற்றிவிட்டு உயர்த்திப் பிடித்தால் பால் தானாக இறங்கும். 250 மில்லிக்கு 15, 20 நிமிடம் எடுக்க வேண்டும். தண்டால் அமுக்கி இரண்டு நிமிடத்தில் முடிக்கிற கெட்டிக்காரர்களுக்குத்தான் வாந்தியும் வயிற்றோட்டமும். குறியையும் பாருங்கள்.

வாழைச்சேனை: செவ்விளநீர் கொடுக்கலாமா?

கிட்னிக் குறை இருந்தால் வேண்டாம், பொட்டாசியம் அதிகம். இல்லையென்றால் வடிகட்டிக் கொடுக்கலாம். தேசிக்காய்த் தண்ணியைப் பாலோடு சேர்த்து விடாதீர்கள், ரியூபுக்குள் தயிராகிவிடும்.

பொத்துவில்: ரியூப் போட்டு இரண்டு மாதமாகிறது. அப்படியே வைத்திருக்கலாமா?

அதே ரியூபா? கடவுளே. கடினமான பிளாஸ்டிக் வகை ஒரு கிழமை, பத்து நாள். மென்மையான வகை நாலைந்து கிழமை. மாற்றும்போது மற்ற மூக்குத் துளை. பேக்கற்றில் எழுதியிருப்பதையும் பாருங்கள். மூக்கு ரியூப் குறுகிய காலத்துக்கானது. ஒரு மாதம், ஒன்றரை மாதம் தாண்டும் என்றால் வயிற்றில் சிறு துளையிட்டு நேரே குழாய் வைப்பது பற்றி டொக்டரிடம் பேசுங்கள். 1980இலிருந்து கமராக் குழாய் உதவியோடு, வயிற்றைப் பெரிதாக வெட்டாமலே வைக்கிறார்கள். பயப்பட ஒன்றுமில்லை.

களுவாஞ்சிக்குடி: அம்மாவுக்கு ரியூப் கழற்றியாச்சு, சிஸ்டர்! விழுங்கும் சோதனையும் சரி. அவ கேட்பது ஒரு தேத்தண்ணி.

சந்தோசம் மனே. ஆனால் எதை முதலில் கொடுப்பது என்று சோதித்தவர் எழுதித் தந்திருப்பார், அதுதான் சட்டம். பெரும்பாலும் தண்ணியாக ஓடுவதுதான் தொண்டையை ஏமாற்றும். கட்டியானது மெதுவாக இறங்கும். எருமைத் தயிருக்கு நம்மூரில் பஞ்சமில்லையே. சோதித்தவர் சம்மதித்தால், அம்மாவை நிமிர்ந்து இருத்தி, கட்டித் தயிரைத் தேக்கரண்டி நுனியில் எடுத்துக் கொடுத்து, விழுங்கியதைப் பார்த்த பிறகு அடுத்தது. தேத்தண்ணி கடைசியில்.