உயில் எழுதாத வீடு: விற்க யார் யார் கையெழுத்து வேண்டும்?

உயில் எழுதாமல் பெரியவர் போய்விட்டார், வீட்டை விற்க வேண்டும். திருநெல்வேலிப் பக்கம் சொத்து வழக்கு பார்க்கிற வழக்கறிஞரான என்னிடம் வாரத்துக்கு நாலு பேராவது இதைக் கேட்கிறார்கள். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். கடைசிக்கு முந்தைய கேள்வி தவிர மற்றவை இந்து வாரிசுரிமைச் சட்டம், 1956-க்கு உட்பட்டவை.

அப்பா 2019-ல் காலமானார். மதுரையில் அவர் சம்பாதித்துக் கட்டிய வீடு. அம்மா, அண்ணன், தங்கை, நான். டைரியில் "வீடு சின்னவனுக்கு" என்று எழுதி, ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். இதை வைத்து நானே விற்கலாமா சார்?

முடியாது தம்பி. உயிலுக்கு முத்திரைத்தாள் தேவையில்லை, பதிவும் கட்டாயமில்லை, வெள்ளைத்தாளில் எழுதினாலும் செல்லும். ஆனால் இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். டைரிப் பக்கத்தில் அது இல்லை. ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டியதால் அதற்கு எந்த பலமும் கூடிவிடாது.

ஆகவே சட்டப்படி அப்பா உயில் இல்லாமல் இறந்தவர். அவர் மூச்சு நின்ற நொடியிலேயே வீடு நாலு பங்காகிவிட்டது: அம்மா, அண்ணன், நீங்கள், தங்கை, ஆளுக்குக் கால் பங்கு. பட்டா இன்னும் அப்பா பெயரிலேயே இருந்தாலும் பங்கு பங்குதான்.

இப்படி ஒரு டைரியை ஒருமுறை என் மேஜையில் வைத்தார்கள். பால் கணக்குக்கும் கரண்ட் பில் கணக்குக்கும் நடுவில் நாலே வரி. எழுதியவர் கை நடுங்கியிருப்பது தெரிந்தது. பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு பேரைக் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்கியிருந்தால் அந்தக் குடும்பம் ஆறு வருடம் கோர்ட்டுக்கு அலைந்திருக்காது. அதை நினைத்தால் இன்றைக்கும் மனசு பொறுப்பதில்லை.

உங்களுக்கு ஒரு வழி உண்டு. மற்ற மூவரும் அப்பாவின் ஆசையை மதிக்க மனதார சம்மதித்தால், தங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தை உங்கள் பெயருக்கு எழுதிப் பதிவு செய்யலாம். குடும்பத்துக்குள் என்பதால் முத்திரைத் தீர்வை 1 சதவீதம்தான், அதற்கும் உச்சவரம்பு உண்டு. ஆனால் அது அவர்கள் கொடுப்பது. நீங்கள் உரிமையாகக் கேட்க முடியாது.

எங்கள் அக்காவுக்கு 50 பவுன் போட்டுக் கட்டிக்கொடுத்தோம். "எனக்கு எதுவும் வேண்டாம்" என்று அவளே சொல்லிவிட்டாள். வாரிசு சான்றிதழில் அவள் பெயரை விட்டுவிடலாமா?

விடவே விடாதீர்கள். போட்ட நகைக்கும் பங்குக்கும் சம்பந்தமில்லை. அப்பாவின் சுய சம்பாத்தியத்தில் மகளுக்கு 1956-லிருந்தே மகனுக்குச் சமமான பங்கு. பூர்வீகச் சொத்தில் தமிழ்நாடு 1989-ல், அன்றைக்குத் திருமணமாகாத மகள்களுக்கு உரிமை கொடுத்தது. 2005-ல் மத்தியச் சட்டம் எல்லா மகள்களுக்கும் கொடுத்தது. அந்த 2005 சட்டம் வந்த தேதியில் அப்பா உயிரோடு இல்லாவிட்டாலும் அந்த உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2020-ல் தெளிவாக்கியது.

வாயால் "வேண்டாம்" என்றால் போதாது, விடுதலைப் பத்திரம் பதிவாக வேண்டும். பெயரை மறைத்துத் தாசில்தாரிடம் சான்றிதழ் வாங்கினாலும் அக்காவின் உரிமை போகாது. வாங்குபவரின் பேங்க் வக்கீல் பழைய ரேஷன் கார்டு நகலைக் கேட்டு, "இந்த நாலாவது பெயர் யார்?" என்று விரல் வைப்பார். அந்த இடத்தில் தலைகுனிந்து நின்ற அண்ணன் தம்பிகளைப் பார்த்திருக்கிறேன்.

அப்பா போய் மூன்று வருடம் கழித்து என் தம்பியும் இறந்துவிட்டான். அவன் மனைவியும் 9 வயது மகனும் இருக்கிறார்கள். அம்மா, நான், தங்கை இருக்கிறோம். தம்பி மனைவி கையெழுத்துப் போட்டால் போதுமா?

போதாது. இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள், நிதானமாகப் படியுங்கள்.

யார் முதலில் இறந்தார் என்பதுதான் கணக்கு. தம்பி அப்பாவுக்கு முன் இறந்திருந்தால், அவனுடைய கால் பங்கு மனைவிக்கும் மகனுக்கும் மட்டும் போகும். அப்பாவுக்குப் பின் இறந்ததால், கால் பங்கு முதலில் தம்பிக்கு வந்து, பிறகு அவன் வாரிசுகளுக்குப் போகிறது. ஆண் இறந்தால் அவனுடைய அம்மாவும் முதல் வகுப்பு வாரிசு. ஆக அந்தக் கால் பங்கு மூன்றாகிறது: உங்கள் அம்மாவுக்கு 1/12, தம்பி மனைவிக்கு 1/12, பையனுக்கு 1/12. அம்மாவுக்கு ஏற்கெனவே உள்ள கால் பங்கையும் சேர்த்தால் மூன்றில் ஒரு பங்கு. வாரிசு சான்றிதழும் அப்பாவுக்கும் தம்பிக்கும் தனித்தனியாக வாங்க வேண்டும்.

அப்புறம் பையன். மைனர் பங்கை விற்க, பெற்ற தாயே ஆனாலும் நீதிமன்ற அனுமதி வேண்டும். அனுமதியில்லாமல் விற்றால் 18 முடிந்து 3 வருடத்துக்குள் அவன் அந்த விற்பனையை ரத்து செய்யக் கேட்கலாம். அனுமதி கொடுக்கும்போது பையன் பங்குப் பணத்தை அவன் பெயரில் வங்கியில் போடச் சொல்வது வழக்கம். இதை இடைஞ்சலாக நினைக்காதீர்கள். அப்பா இல்லாத குழந்தைக்கு அதுதான் காப்பு.

அண்ணன் வீட்டிலேயே குடியிருக்கிறார். விற்கவும் மாட்டார், எங்களுக்குப் பணமும் தர மாட்டார். என் பங்கை மட்டும் வெளியாளுக்கு விற்கலாமா?

பிரிபடாத பங்கை விற்கலாம். ஆனால் முதலில் வாங்கும் உரிமை உங்கள் உடன்பிறந்தவர்களுக்கு. வெளியாள் வாங்கினாலும் குடும்ப வீட்டுக்குள் வந்து கூடவே குடியிருக்கும் உரிமை அவருக்கு இல்லை. அதனால் அடிமாட்டு விலைக்குத்தான் கேட்பார்கள்.

அதைவிட, மதிப்பீட்டாளரை வைத்து விலை போட்டு, அண்ணனிடமே "உங்கள் பங்கு போக மீதியை வாங்கிக்கொள்ளுங்கள்" என்று எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் பாகப்பிரிவினை வழக்கு. சுவர் வைத்துப் பிரிக்க முடியாத வீடு என்றால், விற்றுப் பணத்தைப் பிரிக்க நீதிமன்றமே உத்தரவிடலாம். எத்தனை வருடம் குடியிருந்தாலும், குடியிருந்த காரணத்தால் மட்டும் வீடு அண்ணனுடையது ஆகாது.

குழந்தையில்லாத என் சித்தி இறந்துவிட்டார். வீடு அவர் அப்பா வழியில் வந்தது. சித்தப்பா தன்னுடையது என்கிறார்.

எப்படி வந்தது என்று பத்திரத்தைப் பாருங்கள். அப்பா இறந்து வாரிசாக வந்திருந்தால், அது சித்தியின் அப்பாவுடைய வாரிசுகளுக்கே திரும்பும். அப்பா உயிரோடிருந்தபோது செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்திருந்தால் அது வாரிசாக வந்ததாகாது, கணவருக்குப் போகும்.

நாங்கள் கிறிஸ்தவர்கள். தூத்துக்குடியில் அப்பா வீடு. அம்மாவும் மூன்று பிள்ளைகளும்.

உங்களுக்கு இந்திய வாரிசுரிமைச் சட்டம், 1925. அம்மாவுக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி இரண்டு பங்கு பிள்ளைகளுக்குச் சமமாக. ஆண் பெண் பேதமில்லை.

சிங்கப்பூரில் இருக்கிறேன், பத்திரப் பதிவுக்கு வர லீவு கிடைக்காது.

உங்களுக்காக இங்கே கையெழுத்துப் போட ஒருவருக்கு அதிகாரம் கொடுக்கும் பவர் பத்திரத்தை, இந்தியத் தூதரகத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். இங்கே வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும். பவரில் எந்த வீடு, என்ன பங்கு, பணம் யார் கணக்குக்கு என்பது தெளிவாக இருக்கட்டும். வாங்குபவர் உங்கள் பங்குப் பணத்தில் வரி பிடித்துத்தான் தருவார், உள்ளூர் உடன்பிறப்புகளுக்குப் பிடிப்பதைவிட அது அதிகம். விலை பேசுவதற்கு முன்பே ஆடிட்டரிடம் கேட்டு, குறைந்த பிடித்தத்துக்கு வருமான வரித் துறையில் விண்ணப்பித்து விடுங்கள். அட்வான்ஸ் வாங்கிய பிறகு ஓடினால் நேரம் பத்தாது.