பழைய ஃபிளாட் வாங்கும் முன்: ஒரு கட்டடப் பொறியாளரிடம் கேள்வி பதில்

விற்பனைக்கு வரும் இரண்டு படுக்கையறை ஃபிளாட்டுகளைச் சோதித்துச் சொல்வது என் வேலை. பத்திரம், வில்லங்கம் பற்றிய கேள்விகளை வக்கீலிடம் கொண்டு போங்கள்.

கேள்வி: படுக்கையறை சீலிங்கில் நீளமாக ஒரு விரிசல், ஓரத்தில் பழுப்புக் கறை. பூசிவிட்டால் போதும் என்கிறார் விற்பவர்.

பதில்: போதாது. புதுக் கான்கிரீட்டில் காரம் மிக அதிகம், காரத்தை அளக்கும் பிஎச் எண் 12க்கு மேல். உள்ளே இருக்கும் கம்பியைத் துருவிலிருந்து காப்பது அந்தக் காரம்தான். காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு வருடக்கணக்கில் உள்ளே இறங்க இறங்க அது குறையும். 9ஐ ஒட்டி வந்துவிட்டால் காவல் போயிற்று. அப்புறம் ஈரம் சேர்ந்தால் துரு. துருவுக்கு இரும்பைவிடப் பல மடங்கு இடம் வேண்டும். இடம் இல்லாததால் கான்கிரீட்டைப் பிளந்துகொண்டு வரும். நீங்கள் பார்த்தது அதைத்தான். மேலே பூசினால், கொஞ்ச நாளில் பூச்சும் சேர்ந்து தலையில் விழும்.

சுத்தியலால் மெல்லத் தட்டிப் பாருங்கள். பொள்ளலாகக் கேட்கும் இடத்தில் பூச்சோ கான்கிரீட்டோ பிரிந்திருக்கிறது. பொறியாளர் வந்தால் சிறிது உடைத்து, காரத்தைக் காட்டும் ஃபினால்ஃப்தலீன் கரைசலைத் தெளிப்பார். இளஞ்சிவப்பானால் காரம் இருக்கிறது. நிறமே வராவிட்டால், கம்பி வரை உடைத்துத் துரு நீக்கி மறுபடி கட்ட வேண்டியிருக்கும். செய்யக்கூடிய வேலைதான். அந்தச் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள்.

கேள்வி: சுவரும் பீமும் சேரும் இடத்தில் மயிரிழை விரிசல். கட்டடம் விழுந்துவிடுமா?

பதில்: விழாது. செங்கல்லும் கான்கிரீட்டும் சூட்டில் ஒரே அளவு விரிவதில்லை, அவ்வளவுதான். சுவரில் மூலைவாட்டாக ஓடி, ஒரு முனையில் அகலமாகிற விரிசல் என்றால் என்னைக் கூப்பிடுங்கள்.

கேள்வி: வீடு முழுக்கப் புதுப் பெயிண்ட். நல்ல அறிகுறிதானே?

பதில்: ஓதம் அடித்த சுவரை மறைக்க அதைவிட மலிவான வழி கிடையாது. மழை பெய்த மறுநாள் போய்ப் பாருங்கள். குளியலறைக்குப் பின்பக்கச் சுவரில் உப்பு பூத்திருக்கிறதா என்று தடவிப் பாருங்கள்.

கேள்வி: கடைசி மாடி. ஷவரில் தண்ணீர் நூலாக வருகிறது.

பதில்: 10 மீட்டர் உயரத் தண்ணீருக்குச் சுமார் 1 பார் (அழுத்தத்தின் அலகு) அழுத்தம். தொட்டி உங்கள் ஷவருக்கு 3 மீட்டர் மேலே இருந்தால் கிடைப்பது 0.3 பார்தான், ஷவருக்குப் போதாது. சின்ன பம்ப் வைத்தால் தீரும்.

கேள்வி: படத்தில் ஹால் பெரிதாக இருக்கிறது. முன்பணம் கொடுக்கலாமா?

பதில்: அகலக் கோண லென்ஸ். டேப்போடு நேரில் போங்கள், மழைக்கு மறுநாள்.

கேள்வி: பக்கத்தில் பெரிய சாலை. எட்டாம் மாடிக்குச் சத்தம் வராதுதானே?

பதில்: வரும். சாலை 20 மீட்டர் தள்ளி, ஜன்னல் 24 மீட்டர் உயரத்தில் என்று வைத்துக்கொள்ளுங்கள். நேர்தூரம் 31 மீட்டர். ஓயாமல் வண்டி ஓடும் சாலையின் சத்தம் தூரம் இரட்டித்தால் 3 டெசிபல்தான் குறையும். இங்கே குறைவது 2 டெசிபல். காதுக்குத் தெரியக்கூட தெரியாது.

கேள்வி: தவறு. நான் பத்தாம் மாடிக்காரன், பரம அமைதி.

பதில்: உங்கள் ஜன்னல் எந்தப் பக்கம்?

கேள்வி: பின்பக்கம். அதனால் என்ன?

பதில்: அதனால்தான் எல்லாம். சத்தத்துக்கும் உங்களுக்கும் நடுவே முழுக் கட்டடமும் நிற்கிறது. கீழ் வீடுகளைக்கூட மதில் ஓரளவு காக்கும். சாலையைப் பார்த்த மேல் ஜன்னலுக்கு எந்த மறைப்பும் இல்லை.

கேள்வி: இரட்டைக் கண்ணாடி போட்டால்?

பதில்: மூடியிருக்கும் வரை உதவும், ஜன்னல் சட்டத்தில் இடுக்கு இல்லாவிட்டால். காற்றுக்காகத் திறந்தால் போட்ட காசு வீண்.

கேள்வி: பத்தாம் மாடிக்காரன்தான். முன்பக்க வீட்டுக்காரரைக் கேட்டேன். இரவு லாரிச் சத்தத்தில் தூக்கமே இல்லையாம்.

பதில்: நன்றி.

கேள்வி: படம் அனுப்பினால் ஃபிளாட் எப்படி என்று சொல்வீர்களா?

பதில்: மாட்டேன். டேப், சுத்தியல், மழைக்கு மறுநாள். இரவு பதினொரு மணிக்கும் ஒருமுறை போய் ஜன்னலைத் திறந்து நில்லுங்கள்.